அரை மணி நேரம் ஓடியதும் அணைந்துபோகும் புது வண்டி

கேள்வி: சார், ஐந்து மாதத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் ஒரு ஷோரூமில் 160 சிசி பைக் வாங்கினேன். ஆன்ரோடு 1,52,000 ரூபாய், அதில் 1,10,000 கடன். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனை லேப்பில் வேலை, தினமும் போய்வருகிறேன். 900 கிலோமீட்டர் ஓடியதிலிருந்து, போய்க்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைந்துவிடுகிறது. போகும்போது அய்யம்பேட்டை பக்கம், திரும்பும்போது பாபநாசம் பக்கம். பதினைந்து இருபது நிமிடம் ஓரமாக நிறுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. இதுவரை 11 தடவை. நான்கு முறை சர்வீஸுக்கு விட்டுவிட்டேன். 'பெட்ரோலில் தண்ணி', 'புது வண்டி அப்படித்தான், போகப்போக செட் ஆகும்', 'நாங்க ஓட்டிப் பார்த்தோம், நல்லாத்தான் இருக்கு' என்று ஒவ்வொரு முறையும் ஒரு பதில். இன்ஜின் அடியில் ஆயில் கசிவும் இருக்கிறது. கடைசியாகப் போனபோது, நான் வெளியே ஃபாக் லைட் மாட்டியதால் வாரண்டியே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். லைட் மாட்டியது மூன்றாவது மாதம், பிரச்சினை முதல் மாதத்திலிருந்தே இருக்கிறது. சர்வீஸ் அட்வைசருக்கு அப்போதே வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறேன். வண்டியை ஷோரூம் வாசலில் நிறுத்திக் கொளுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. புது வண்டி மாற்றித் தருவார்களா? தவணையை நிறுத்தி வைக்கலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: தம்பி, வணக்கம். உங்கள் கடைசி இரண்டு கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தவணையை ஒரு மாதம்கூட நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் வண்டியின் பழுதுக்கும் சம்பந்தமில்லை. தவணை தவறினால் உங்கள் சிபில் மதிப்பெண் கெடும், வண்டியையே எடுத்துப் போவார்கள். அப்புறம் பழுதைக் காட்ட உங்களிடம் வண்டியே இருக்காது. கொளுத்துவதும் அப்படித்தான். கடன் தீரும்வரை ஆர்.சி. புத்தகத்தில் அந்த நிறுவனத்தின் பெயரும் இருக்கிறது. தீ வைத்தால் உங்கள் மேல் வழக்கு வரும், உங்களிடம் இருக்கிற ஒரே சாட்சியும் சாம்பலாகும். அந்தக் கோபம் நியாயமானது. இரவு ட்யூட்டி முடிந்து வரும்போது, பின்னால் மணல் லாரி வர, வண்டி நடுரோட்டில் உயிரை விட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அதைக் காகிதத்தில் இறக்குவோம்.

புது வண்டி கிடைக்குமா என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்கள் கடிதத்திலேயே இருக்கும் ஒரு தடயத்தை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. போகும்போது அய்யம்பேட்டை, திரும்பும்போது பாபநாசம். கும்பகோணத்திலிருந்து அய்யம்பேட்டைக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து பாபநாசத்துக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான். அதாவது இடத்துக்கும் பழுதுக்கும் தொடர்பில்லை. எந்தப் பக்கமிருந்து கிளம்பினாலும், நிற்காமல் அரை மணி நேரம் போல ஓடி இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு அணைகிறது. ஆறினால் ஓடுகிறது. பெட்ரோலில் தண்ணீர் இருந்தால் இப்படிக் கடிகாரம் வைத்தாற்போல நடக்காது. காலையில் ஆறிப்போன வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதே திணறும், ஒரு பெட்ரோல் பங்கில் போட்டால் பிரச்சினை வரும், இன்னொரு பங்கில் போட்டால் போகும். ஐந்து மாதமாக எத்தனை முறை டேங்கை நிரப்பியிருப்பீர்கள்! அத்தனையிலும் தண்ணீரா?

சூடானால் அணைந்து ஆறினால் ஓடும் வண்டி என்று யாராவது சொன்னால் என் சந்தேகம் முதலில் போவது கிராங்க் பொசிஷன் சென்சார் மேல். பழைய மெக்கானிக்குகள் பிக்கப் காயில் என்பார்கள். இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று, இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இ.சி.யு.வுக்குச் சொல்வது அதுதான். அதன் உள்ளே தலைமுடி போன்ற செம்புக் கம்பிச் சுற்று இருக்கிறது. சுற்றில் எங்காவது ஒரு மெல்லிய விரிசல் இருந்தால், ஆறியிருக்கும்போது இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் விரிந்ததும் பிரிந்துவிடும். சிக்னல் போனதும் பெட்ரோலும் ஸ்பார்க்கும் ஒரே நொடியில் நிற்கும். இருபது நிமிடம் கழித்து முனைகள் மறுபடி சேரும், வண்டி ஒன்றும் தெரியாததுபோல ஓடும்.

இதுதான் என்று கடிதத்தை மட்டும் வைத்து நான் சத்தியம் செய்ய முடியாது. இதே அறிகுறியைக் காட்டுகிற வேறு சிலவும் உண்டு. பெட்ரோல் பம்ப் சூட்டில் மக்கர் செய்யலாம், ஒயர்களை இணைக்கும் கப்ளர் ஒன்று சரியாக அமராமல் இருக்கலாம், சைடு ஸ்டாண்டு சுவிட்ச் அதிர்வில் விட்டு விட்டுத் தொடலாம், டேங்கின் காற்றுவழி அடைத்துக்கொண்டிருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க, அணைந்துபோன அந்தப் பத்து நிமிடம்தான் சரியான நேரம். அந்த நேரத்தில் வண்டி எப்போதும் உங்களிடம் இருக்கிறது, சர்வீஸ் சென்டரிடம் இருந்ததே இல்லை. ஆகவே அடுத்த முறை அணைந்தால், பதறாமல் வண்டியைச் சாலையை விட்டு நன்றாக இறக்கி நிறுத்திவிட்டு, சிலவற்றைக் கவனியுங்கள். ஒரு ஸ்பேனர்கூட எடுக்க வேண்டாம்.

முதலில், எப்படி அணைந்தது? லைட் சுவிட்சை அணைத்ததுபோலப் பட்டென்று நின்றதா, இரண்டு மூன்று குலுக்கல் கொடுத்து மெல்ல இறங்கி நின்றதா? பட்டென்று என்றால் மின்சாரப் பக்கம், குலுக்கி நின்றால் பெட்ரோல் பக்கம் என்று பெரும்பாலும் சொல்லலாம். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே மீட்டரில் ஆர்.பி.எம். பூஜ்யத்துக்கு விழுந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மீட்டர் பூஜ்யம் காட்டினால், சுற்றுவதைச் சொல்லும் சென்சார் வாயை மூடிவிட்டது என்று பொருள்.

அடுத்து, சாவியை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். சீட்டுக்கு முன்னால், டேங்க் பக்கம், இரண்டு மூன்று நொடிக்கு 'ம்ம்ம்' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கிறதா? செக் இன்ஜின் விளக்கு எரிந்து அணைகிறதா, எரிந்தபடியே நிற்கிறதா? சைடு ஸ்டாண்டு விளக்கு, ஸ்டாண்டை மடக்கிய பிறகும் எரிகிறதா? கடைசியாகப் பெட்ரோல் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் வந்து, உடனே செல்ஃப் அடித்தால் வண்டி பிடித்துக்கொண்டால், விஷயம் வெறும் காற்றுவழி அடைப்பு. அப்படியென்றால் பத்து நிமிட வேலையை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் உங்களை அலைக்கழித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் போனில் வீடியோ எடுங்கள். முதலில் கிலோமீட்டர் தெரியும்படி மீட்டர், அப்புறம் சாவி, பம்ப் சத்தம், செல்ஃப் அடித்தும் பிடிக்காதது, சுற்றியிருக்கும் இடம். ஒரே வீடியோவாக, வெட்டாமல். வண்டி ஓடும்போது போனைத் தொடாதீர்கள்.

சரி, இப்போது சர்வீஸ் சென்டருக்கு வருவோம். நான் 14 வருடம் டீலர் சர்வீஸ் சென்டர்களில் அட்வைசராகவும் ஒர்க்ஸ் மேனேஜராகவும் இருந்தவன். இப்போது திருச்சியில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன், நுகர்வோர் வழக்குகளுக்கு வண்டியைப் பரிசோதித்து அறிக்கையும் கொடுக்கிறேன். நான் ஏன் இந்தப் பக்கம் வந்தேன் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அட்வைசராக இருந்த காலத்தில் ஒரு விவசாயி ஆறு மாதத்தில் ஐந்து முறை வந்தார். நான்காவது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருகிறது என்றார். வண்டியை விடும்போது புகாரை எழுதும் ஜாப் கார்டு ஐந்திலும் 'ஜெனரல் செக்கப்' என்றுதான் எழுதியிருந்தது. அதில் இரண்டு என் கையெழுத்து. காலை ஒன்பது மணிக்கு வாசலில் முப்பது வண்டி நிற்கும், எதையோ எழுதி உள்ளே அனுப்பினால் போதும் என்றிருக்கும். பிறகு அவர் நுகர்வோர் நீதிமன்றம் போனார். டீலர் தரப்பில் அந்த ஐந்து கார்டுகளையும் எடுத்து வைத்தார்கள். 'ஐந்து முறை வந்திருக்கிறார், ஒரு முறைகூட கியர் பற்றிப் புகார் சொன்னதாகப் பதிவு இல்லை.' அவருடைய புகார் தள்ளுபடி ஆனது. அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். ஆனால் காகிதத்தில் அது இல்லை, இல்லாமல் போனதில் என் பங்கு இருக்கிறது. அவர் படியிறங்கிப் போனது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் நான்கு ஜாப் கார்டுகளில் புகார் என்ன என்று எழுதியிருக்கிறது? எடுத்துப் பாருங்கள். 'ஃபர்ஸ்ட் ஃப்ரீ சர்வீஸ்', 'வாட்டர் வாஷ்', 'ஜெனரல் செக்கப்' என்றுதான் இருக்கும் என்பது என் அனுமானம். கார்டு கையில் இல்லையென்றால், நான்குக்கும் நகல் வேண்டும் என்று சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இன்னொன்று. சர்வீஸ் முடிந்த மறுநாள் கம்பெனியிலிருந்து மதிப்பெண் கேட்டுப் போன் வரும், 'பத்துக்குப் பத்து கொடுங்க சார், இல்லன்னா எங்க இன்சென்டிவ் போயிடும்' என்று அட்வைசர் முன்கூட்டியே கெஞ்சியிருப்பார். பரிதாபப்பட்டுப் பத்து கொடுத்திருந்தால், அதுவும் பதிவாகியிருக்கும். இனி உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பாவம் பார்க்க வேண்டிய இடம் அது இல்லை.

டீலர் ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கோபம் குறையும், எங்கே அழுத்த வேண்டும் என்பதும் புரியும். வாரண்டியில் ஒரு பாகம் மாற்றினால் டீலருக்கு வேலைக்கூலி கம்பெனி கொடுக்க வேண்டும். அந்தக் கூலி, வெளியில் காசு வாங்கிச் செய்யும் வேலைக்குக் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் குறைவு. கழற்றிய பழைய பாகத்துக்குச் சீட்டுக் கட்டிப் பத்திரமாக வைத்து, கேட்டால் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். பழுது நிரூபணமாகவில்லை என்று கம்பெனி கிளெய்மைத் தள்ளினால் நஷ்டம் டீலர் தலையில். ஆகவே தன் கண் முன்னால் நடக்காத பழுதுக்காக ஒரு சென்சாரை மாற்ற அவருக்குத் தயக்கம். உங்கள் வண்டியோ அரை மணி நேரம் ஓடினால்தான் நிற்கும். அவர்கள் 'ட்ரையல்' பார்ப்பது பட்டறையிலிருந்து அடுத்த திருப்பம் வரை. அந்த ட்ரையலில் உங்கள் பழுது ஜென்மத்துக்கும் தெரியாது. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றுகூட இல்லை. அவர்கள் ஓட்டியபோது நன்றாகத்தான் ஓடியிருக்கும்.

இதற்கு ஒரு நல்ல வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. வாரண்டி என்பது வாங்கிய ஷோரூமோடு கட்டிப்போட்டது இல்லை. அதே கம்பெனியின் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் கேட்கலாம். நீங்கள் வேலை பார்ப்பது தஞ்சாவூரில். அங்கே இருக்கும் சர்வீஸ் சென்டரில், 40 கிலோமீட்டர் ஓட்டிவந்த சூடான வண்டியைக் காலையில் அப்படியே கொண்டுபோய் நிறுத்துங்கள். 'அரை மணி நேரம் ஓட்டினால்தான் பழுது வரும். உங்கள் டெக்னீஷியன் யாராவது என்னோடு அய்யம்பேட்டை வரை போய்வர வேண்டும்' என்று கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். முகம் தெரியாத இடத்தில் பழைய வாக்குவாதங்களின் சுமையும் இருக்காது.

ஜாப் கார்டு போடும்போது, அட்வைசர் தன் வார்த்தையில் சுருக்கி எழுத விடாதீர்கள். கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர் சொன்னதை அப்படியே எழுத ஓர் இடம் உண்டு. ஒரு தாளில் நீங்களே எழுதிக் கொண்டுபோய், இதைப் பார்த்து அடியுங்கள் என்று கொடுங்கள். இப்படி:

'சுமார் 25 கி.மீ. அல்லது அரை மணி நேரம் தொடர்ந்து ஓடியதும் இன்ஜின் திடீரென்று அணைகிறது. 15-20 நிமிடம் ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆகிறது. முதல் மாதத்திலிருந்து இதுவரை 11 முறை. கடைசியாக நடந்த தேதி, நேரம், கி.மீ. இவை. வீடியோ உள்ளது. ஸ்கேனர் போட்டு, பதிவான பழுதுக் குறியீடுகளை (எர்ரர் கோடு) அழிப்பதற்கு முன் எனக்குப் படம் கொடுக்கவும். வண்டி சூடாக இருக்கும்போது கிராங்க் சென்சார், பெட்ரோல் பம்ப் இரண்டையும் சோதிக்கவும். இன்ஜின் அடியில் ஆயில் கசிகிறது.'

அவ்வளவுதான். திட்டு வேண்டாம், நீளமும் வேண்டாம். கார்டில் இது ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். வண்டியைத் திரும்ப வாங்கும்போது 'திருப்தி' என்று அச்சிட்ட இடத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அங்கே 'ஓட்டிப் பார்த்த பிறகு சொல்கிறேன்' என்று உங்கள் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். என்ன வேலை செய்தார்கள், எந்தப் பாகம் மாற்றினார்கள் என்பது பில்லில் வர வேண்டும், தொகை பூஜ்யமாக இருந்தாலும் சரி.

ஸ்கேனர் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு விற்கும் வண்டிகளில் இ.சி.யு. தன் பழுதுகளைக் கோடு எண்ணாகப் பதிந்துவைக்கிறது. சர்வீஸுக்குப் போன உடனே அதைத் துடைத்துவிடுவது பல இடங்களில் வழக்கம். துடைத்தால் உங்கள் சாட்சி போய்விடும். அதேபோல 'கோடு எதுவும் இல்லை சார், அதனால பழுது இல்லை' என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விட்டு விட்டு வரும் கோளாறு சில நேரம் கோடு பதியாமலே போகும்.

ஆயில் கசிவு இதோடு ஒப்பிட்டால் சின்ன விஷயம். அந்த இடத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவிவிட்டு ஒருநாள் ஓட்டுங்கள். எங்கே ஈரம் பிடிக்கிறதோ அங்கிருந்துதான் கசிகிறது. ஆயிலை வடிக்கும் ட்ரெய்ன் போல்ட்டைச் சுற்றி என்றால் சர்வீஸில் வாஷர் மாற்றாமலோ சரியாக முறுக்காமலோ விட்டிருப்பார்கள். இரண்டு மூடிகள் சேரும் கோட்டில் என்றால் பேக்கிங், அது வாரண்டியில் வரும். வாரம் ஒருமுறை ஆயில் அளவைப் பாருங்கள். பின் டயரில் ஆயில் பட்டால் மட்டும் அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

ஃபாக் லைட் விஷயத்தில் உங்கள் பக்கமும் ஒரு குறை இருக்கிறது. கம்பெனி ஒயரிங்கை வெட்டி வெளியே லைட் மாட்டியது தவறுதான், தஞ்சாவூரில் அதை மறைக்காதீர்கள். ஆனால் அதற்காக மொத்த வாரண்டியும் போய்விட்டது என்பது சரியில்லை. வாரண்டிப் புத்தகத்தைத் திறந்து அந்த வரியைப் படித்துப் பாருங்கள். வெளியில் மாட்டிய பொருளால் வந்த பழுதுக்கு வாரண்டி இல்லை என்பதுதான் பொதுவாக எழுதியிருக்கும். உங்களுடையது முதல் மாதமே தொடங்கிவிட்டது, லைட் வந்தது மூன்றாவது மாதம். பின்னால் வந்த பொருள் முன்னால் வந்த பழுதுக்குக் காரணமாக முடியாது. அதற்கு ஆதாரம் நீங்கள் முதல் மாதத்தில் அட்வைசருக்கு அனுப்பிய அந்த வாட்ஸ்அப் செய்திதான். அதை அழித்துவிடாதீர்கள், போனை மாற்றினாலும் பழைய போனை வைத்திருங்கள். இப்போதைக்கு லைட்டைக் கழற்றி ஒயரிங்கைப் பழையபடி ஆக்கச் சொல்லுங்கள். வெளியே செய்யாமல் சர்வீஸ் சென்டரிலேயே காசு கொடுத்துச் செய்து, பில் வாங்குங்கள். அதன் பிறகும் வண்டி அணைந்தால் அந்த வாதம் அத்தோடு முடிந்தது.

வேறு மெக்கானிக்கிடம் வண்டியைத் திறந்து காட்டும் ஆசை வரும். வேண்டாம். வெளியே ஒரு போல்ட் திறந்தாலும் அடுத்த சாக்கு தயார்.

இதற்கிடையில் கம்பெனிக்கு எழுதுங்கள். கஸ்டமர் கேரில் போனில் புகார் பதிந்து, புகார் எண் வாங்கி, அதே விவரத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணுக்கு ஏதாவது ரீகால் அறிவிப்பு இருக்கிறதா என்று அதிலேயே கேளுங்கள். கம்பெனிகள் பழுதை ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு, இக்னிஷன் காயிலில் குறை இருக்கலாம் என்று 2,36,966 வண்டிகளைத் தானாகவே திரும்ப அழைத்தது. இன்ஜின் மிஸ் ஆகலாம், அரிதாக ஷார்ட் சர்க்யூட் ஆகலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வண்டிகளுக்குத்தான் பாகம் மாற்ற வேண்டியிருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. உங்களைப் போன்றவர்களின் ஜாப் கார்டில் எழுதப்படும் புகார்களும் இப்படித்தான் கம்பெனியின் கண்ணுக்குப் போய்ச் சேருகின்றன. 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் போகாது.

ஏரியா சர்வீஸ் மேனேஜர் என்று கம்பெனியின் ஆள் ஒருவர் டீலர்களைச் சுற்றி வருவார். அவர் வரும் நாளில் வண்டியை நிறுத்தத் தயார் என்று மின்னஞ்சலில் சொல்லுங்கள். டீலர் தயங்கும் வாரண்டி வேலைக்கு அவர் ஒரு சொல் சொன்னால் நடந்துவிடும். என் அனுபவத்தில் பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன.

கம்பெனிக்கு எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. டாடா மோட்டார்ஸுக்கும் அந்தோனியோ பாவ்லோ வாஸ் என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் ஒரு தீர்ப்புச் சொன்னது. 2011 மாடல் என்று காசு வாங்கி 2009 மாடல் காரை விற்றது டீலர். அது கம்பெனிக்குத் தெரியும் என்று காட்டப்படாததால், டீலர் செய்ததற்குக் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்றார்கள். தயாரிப்புப் பழுது என்றால் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும், அது வேறு. ஆனால் டீலர் உங்களை அலைக்கழித்தது கம்பெனிக்குத் தெரியவே தெரியாது என்று நாளை யாரும் சொல்ல இடம் வைக்கக் கூடாது. தேதி போட்ட ஒரு மின்னஞ்சல் அந்த வாசலை அடைத்துவிடும்.

இருபது நாளில் ஒன்றும் நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, ஆனாலும் அந்தப் பதிவு பின்னால் உதவும். அதற்கும் அசையவில்லையென்றால் டீலர், கம்பெனி இருவருக்கும் ஒப்புகை அட்டையோடு தபாலில் 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ். பிறகு தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

ஆணையம் என்றதும் மலைக்காதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் இருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பழுது தெரியவந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆகவே 'வாரண்டி முடியட்டும், பார்க்கலாம்' என்று யாராவது இழுத்தால் நாளை எண்ணிக்கொண்டே இருங்கள். பொருளைப் பரிசோதிக்க வேண்டிய வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாகத்தான் ஆகிறது, அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இனி, புது வண்டி. நேராகச் சொல்கிறேன்: எடுத்த எடுப்பில் கிடைக்காது. மாருதி உத்யோக் வழக்கு ஒன்றில் 2006-இல் உச்ச நீதிமன்றம், வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தரும் உறுதிமொழி, முழு வண்டியையும் மாற்றுவதற்கு அல்ல என்று சொல்லியிருக்கிறது. திரும்பத் திரும்பச் சரிசெய்தும் தீராத தயாரிப்புக் குறை என்று நிரூபித்தால்தான் விலையைத் திருப்பிக் கேட்பதற்கு வலு வரும். அதை நிரூபிக்க நிபுணர் அறிக்கை தேவை. ஆணையமே ஒருவரை நியமிக்கும்படி மனு போடலாம், அரசு பாலிடெக்னிக் அல்லது பொறியியல் கல்லூரியின் ஆட்டோமொபைல் துறையைக் கேட்கலாம். அதனால் இப்போதே 'புது வண்டி கொடு' என்று நின்றால் இரண்டு பக்கமும் முறுக்கிக்கொள்ளும். சென்சாரோ பம்போ, காரணத்தைக் கண்டுபிடித்து மாற்று. வண்டி ஷெட்டில் நின்ற நாட்களுக்கு வாரண்டியை நீட்டு. நான் பஸ்ஸுக்குக் கொடுத்த காசையும் வேலைக்குப் போகாத நாளின் சம்பளத்தையும் கொடு. இந்த மூன்றையும் கேளுங்கள். பஸ் டிக்கெட், லேப்பின் வருகைப் பதிவு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். பாகம் மாற்றிய பிறகும் நின்றால், அப்போது விலையைத் திருப்பிக் கேட்கலாம். அந்த நேரம் உங்கள் ஃபைல் கனமாக இருக்கும்.

ஃபேஸ்புக்கில் போடலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். போடுங்கள், ஆனால் மின்னஞ்சலுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுத்த பிறகு. நடந்த தேதிகளையும் வீடியோவையும் மட்டும் போடுங்கள். அங்கே பில் போடும் பெண்ணின் பெயரும் மெக்கானிக் பையனின் பெயரும் அதில் வர வேண்டியதில்லை. அவர்களும் மாதச் சம்பளக்காரர்கள்தான்.

கடைசியாக ஒன்று. இது தீரும்வரை இரவில் அந்தச் சாலையில் இந்த வண்டியில் வராதீர்கள். இரவு ட்யூட்டி நாட்களில் பஸ்ஸில் வாருங்கள், டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள். பகலில் ஓட்டும்போது இருபது கிலோமீட்டர் தாண்டியதும் இடப்பக்கமாகவே போங்கள், பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள். அடுத்த முறை அணைந்ததும் பெட்ரோல் மூடியைத் திறக்கும்போது அந்த 'உஸ்' சத்தம் வந்ததா இல்லையா, பம்ப் ஓடியதா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள். ஜாப் கார்டுகளின் படத்தையும் சேர்த்து அனுப்பினால், கம்பெனிக்குப் போக வேண்டிய மின்னஞ்சலை நானே பார்த்துத் திருத்தித் தருகிறேன்.